வாடிக்கையாளர் ஏடு யாருடையது?

ஒரு சிறு நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய விற்பனைப் பிரதிநிதி விலகிச் செல்லும்போதுதான், அந்நிறுவனத்தின் முதன்மையான சொத்து எங்கே இருந்தது என்பது உரிமையாளருக்குப் புலப்படுகிறது. எந்த ஊரில் யார் விலை கேட்டார், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி தருவதாகச் சொல்லப்பட்டது, யார் அறுவடை முடிந்த பிறகே பணம் தருவார் என்பன போன்ற விவரங்கள் அனைத்தும் அவருடைய கைப்பேசியிலும் நினைவிலும் மட்டுமே இருந்திருக்கும். அவை அவருடனேயே போய்விடுகின்றன. அடுத்த மாதம் அவர் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தால், வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் அவரைத் தொடர்ந்து செல்வதில் வியப்பில்லை. அவர்களைப் பொருத்தவரை கடை என்பது அவர்தான்.

இந்த இழப்பைத் தடுக்கத்தான் 'சிஆர்எம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் இருக்கிறது. தொடக்கத்தில் இது பெருநிறுவனங்களின் பொருளாக இருந்தது. 1993-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சீபெல் நிறுவனத்தின் மென்பொருளை நிறுவ, சொந்தக் கணினி வழங்கிகளும் அவற்றைப் பராமரிக்கும் பொறியாளர்களும் வேண்டும். 1999-இல் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ், இதே வசதியை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் முறையைப் பரவலாக்கியது. 2005-இல் ஸோஹோ தன்னுடைய சிஆர்எம்-ஐ வெளியிட்டது. சென்னையில் 2010-இல் தொடங்கப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. உலகெங்கும் உள்ள வணிகர்களுக்கு இவ்வகை மென்பொருளை வழங்கும் இரு பெரும் நிறுவனங்கள் தமிழகத்தில் வேரூன்றியவை. ஆனால், அதே தமிழகத்தின் கடைவீதிகளில் வாடிக்கையாளர் விவரம் இன்னமும் நோட்டுப் புத்தகத்திலும் வாட்ஸ்ஆப் உரையாடல்களிலும்தான் கிடக்கிறது.

'எங்களிடம் டேலி இருக்கிறதே, பிறகு எதற்கு இது?' என்பது சிறு வணிகர்கள் பலர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். கணக்கு மென்பொருளில் இருப்பவர்கள் பொருள் வாங்கியவர்கள். சிஆர்எம்-இல் முதன்மையாக இருக்க வேண்டியவர்கள் இன்னும் வாங்காதவர்கள். கோவையில் பம்புசெட் விற்கும் ஒரு முகவரை எடுத்துக்கொள்வோம். ஒரு விவசாயி வந்து, தன் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தைச் சொல்லி, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் தேவைப்படும் என்று விசாரிக்கிறார், விலைப்புள்ளி பெற்றுச் செல்கிறார், பிறகு வரவில்லை. டேலியைப் பொருத்தவரை அப்படி ஒருவர் வந்ததே இல்லை. அவர் வேறு கடையில் வாங்கினாரா, மழை பெய்ததால் ஒத்திப்போட்டாரா, வங்கிக் கடனுக்காகக் காத்திருக்கிறாரா என்று பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பில் அறிந்துவிடலாம். அந்த அழைப்பை நினைவூட்டுவதும், பேசியதைக் குறித்து வைப்பதும், அடுத்த முறை வேறொரு ஊழியர் பேசினாலும் முந்தைய பேச்சு கண்முன் இருக்கும்படி செய்வதுமே இம்மென்பொருளின் அடிப்படை வேலை. விளம்பரங்களில் இன்று முன்னிறுத்தப்படும் செயற்கை நுண்ணறிவு, தானியங்கி அஞ்சல், வண்ண வரைபடங்கள் எல்லாம் இதற்குப் பின்னர்தான்.

உரிமையாளரே கல்லாவில் அமர்ந்து, ஐம்பது அறுபது நிலையான வாடிக்கையாளர்களோடு நடத்தும் தொழிலுக்கு இது தேவையே இல்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஓர் எக்ஸெல் தாள் போதும். விற்பனையில் மூன்று பேருக்கு மேல் ஈடுபடும்போதும், விலைப்புள்ளி தருவதற்கும் பொருள் விற்பதற்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும்போதும், விற்ற பிறகு பழுதுநீக்கும் பொறுப்பு தொடரும்போதும்தான் கைக்குறிப்புகள் தடுமாறத் தொடங்குகின்றன.

தேர்வு செய்ய முற்படும் வணிகர் வழக்கமாகச் செய்வது, நான்கைந்து மென்பொருள்களின் வசதிப் பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது. எந்தப் பட்டியல் நீளமோ அது வெல்கிறது. இதைவிடப் பயனுள்ள அளவுகோல் ஒன்று உண்டு: நிறுவனத்தில் தட்டச்சு செய்ய மிகவும் சலித்துக்கொள்ளும் ஊழியர், வெயிலில் இருசக்கர வாகனத்தை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் கைப்பேசியில் ஒரு விசாரணையைப் பதிய முடியுமா? முடியாதெனில், மற்ற நூறு வசதிகளும் வெற்றுத் தாள்களை அழகாகக் காட்டும் கருவிகளே. பதினைந்து கட்டங்கள் கொண்ட படிவத்தை எந்த விற்பனையாளரும் நிரப்புவதில்லை. நிரப்பினாலும் ஏதோ ஒன்றை இட்டு நிரப்புவார். பெயர், கைப்பேசி எண், ஊர், கேட்ட பொருள், அடுத்து எப்போது பேச வேண்டும் என்ற ஐந்தோடு தொடங்க அனுமதிக்கும் மென்பொருளே சிறு நிறுவனத்துக்கு உகந்தது.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள்களின் படிவங்கள் மேற்கத்திய வழக்கத்தை ஒட்டி, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. சேல்ஸ்ஃபோர்ஸ் உள்ளிட்டவற்றில் குடும்பப்பெயர் கட்டம் கட்டாயம். குடும்பப்பெயரே இல்லாத நம் ஊரில் ஓர் ஊழியர் அங்கே முன்னெழுத்தை இடுவார்; இன்னொருவர் தந்தை பெயரை இடுவார்; மூன்றாமவர் ஊர்ப் பெயரை இடுவார். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவதிலும் ஆளுக்கொரு முறை. ஆறு மாதத்தில் ஒரே முருகேசன் நான்கு பேராகிவிடுவார். நால்வருக்கும் தனித்தனியாகத் தீபாவளி வாழ்த்து போகும். கைப்பேசி எண்ணை முதன்மை அடையாளமாக்கி, அதே எண் மீண்டும் வந்தால் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறதா, தமிழ் எழுத்தில் பதிந்த பெயரைத் தமிழிலேயே தேட முடிகிறதா என்பவற்றை வாங்கும் முன்பே சோதித்துவிடலாம். பம்பு வணிகம் போன்றவற்றில், வாடிக்கையாளரை அழைத்து வந்த எலக்ட்ரீஷியன் யார் என்று பதிய ஒரு கட்டம் தேவைப்படும். அப்படிச் சொந்தக் கட்டங்களைச் சேர்க்க இடம் தராத மென்பொருள், பிறருடைய தொழிலுக்குத் தைத்த சட்டை.

ஊழியர்களின் தயக்கத்தை வெறும் சோம்பல் என்று ஒதுக்குவது தவறு. விற்பனைப் பிரதிநிதிக்குத் தன் தொடர்புகளே பேரம் பேசும் வலிமை. அதை நிறுவனத்தின் ஏட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்வது அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்வதுதான். அதற்கு ஈடாக அவருக்கு ஏதேனும் கிடைக்க வேண்டும். ஊக்கத்தொகையைப் பதிவின் அடிப்படையில் மட்டுமே கணக்கிட்டு, அந்தக் கணக்கை அவரே எந்நேரமும் பார்க்கும்படி வைத்தால், மாதக் கடைசியில் 'அந்த விற்பனை என்னுடையது' என்ற சச்சரவு குறையும். பதிவும் தானாக நடக்கும். மாறாக, மென்பொருள் வந்த முதல் வாரத்திலேயே ஊழியர் எங்கே நிற்கிறார் என்று வரைபடத்தில் கண்காணிக்கத் தொடங்கும் உரிமையாளருக்குப் பொய்ப் பதிவுகளே மிஞ்சும்.

விலைக்கு வருவோம். ஒரு பயனருக்கு மாதம் இவ்வளவு என்பதே பரவலான கட்டண முறை. எடுத்துக்காட்டாக, மாதம் 800 ரூபாய் வீதம் ஆறு பேருக்கு ஆண்டுக்கு 57,600 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 67,968 ரூபாய். வழக்கமான முறையில் பதிவுசெய்தோர் இந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறலாம். தொகுப்புத் திட்டத்தில் உள்ள சிறு வணிகர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. ஸோஹோ சிஆர்எம் மூன்று பயனர்கள் வரை கட்டணமின்றிக் கிடைக்கிறது. நான்காவது ஆள் சேரும்போது நால்வருக்கும் கட்டணம் தொடங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. செலவைக் குறைப்பதாக நினைத்து ஒரே கடவுச்சொல்லை ஆறு பேர் பகிர்ந்துகொள்வது, யார் எதைச் செய்தார் என்ற தடத்தையே அழித்துவிடுகிறது. வாங்கிய நோக்கமே அதுதான். இஆர்பி-நெக்ஸ்ட், சூட்-சிஆர்எம் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்றாலும், அவற்றை நிறுவிப் பராமரிக்க ஆள் தேவை.

விலையைவிட முக்கியமானது, உள்ளே போன தகவல் வெளியே வருமா என்பது. சிறு நிறுவனங்களுக்கென்றே 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்து நற்பெயர் பெற்ற ஹைரைஸ் என்ற சிஆர்எம், 2018-இல் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. பழையவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றாலும், இனி வளராத ஒரு மென்பொருளில் எத்தனை காலம் இருப்பது என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடையை அடுத்து, இந்தியாவில் இயங்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான மைக்ரோசாஃப்ட் சேவைகள் நிறுத்தப்பட்டன. அந்நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகு அவை மீண்டும் கிடைத்தன. அத்தகைய பெருநிறுவனத்தால் நீதிமன்றம் செல்ல முடியும். பம்பு முகவரால் முடியாது.

எல்லா மென்பொருள்களும் 'தரவை ஏற்றுமதி செய்யலாம்' என்றுதான் சொல்கின்றன. பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியலைத் தருவது எளிது. நாள்வாரியாகப் பேசிய குறிப்புகள், இணைத்து வைத்த விலைப்புள்ளிகள், எந்தக் குறிப்பு யாருக்குரியது என்ற தொடர்பு ஆகியவையும் சேர்ந்து வருகின்றனவா என்பதுதான் சோதிக்க வேண்டியது. இவை இன்றி வரும் பட்டியல், பக்கங்கள் கிழிக்கப்பட்ட பேரேட்டின் அட்டை போன்றது.

தகவல் வாடிக்கையாளருடையதும் ஆகும் என்பதைச் சட்டமும் இப்போது சொல்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வணிகர்களுக்கான முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக விவரம் பெறப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் கேட்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். மென்பொருள் நிறுவனத்திடம் தரவை ஒப்படைத்திருந்தாலும், சட்டத்தின் முன் பொறுப்பு வணிகருடையதே. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு வணிகருக்கு அத்தொகை விதிக்கப்படப் போவதில்லைதான். எனினும், விலகிய ஊழியரின் உள்நுழைவை அன்றே முடக்கவும், முழுப் பட்டியலையும் பதிவிறக்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் தரவும் முடிகிறதா என்று பார்த்து வாங்க இது போதுமான காரணம்.

பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றி ஒரு சோதனைக் காலம் தருகின்றன. அதை உரிமையாளர் தனியாக அறையில் அமர்ந்து பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதில் கழிக்க வேண்டாம். இருபது உண்மையான விசாரணைகளை இரண்டு ஊழியர்கள் இரண்டு வாரம் பதியட்டும். பிறகு ஒரு நாள் அவ்விருவருமே இல்லாத நேரத்தில், மூன்றாமவர் ஒருவர் அந்த இருபது பேரில் எவரையேனும் தேர்ந்து, கடைசியாக என்ன பேசப்பட்டது, என்ன விலை சொல்லப்பட்டது என்பதை மென்பொருளை மட்டும் பார்த்துச் சொல்லட்டும். அன்று மாலையே எல்லாவற்றையும் பதிவிறக்கி, எக்ஸெல்லில் திறந்து, இருபது பேரும் குறிப்புகளோடு இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகு கட்டணத்தைச் செலுத்தலாம். முதல் ஆண்டுக்கு மாதக் கட்டணமாகவே செலுத்துவது நல்லது, ஆண்டுக் கட்டணத்தில் சலுகை கிடைத்தாலும்.