இல்லத்திற்கு எவ்வளவு இணையம் வேண்டும்?

அரிசியும் பருப்பும் வாங்குமிடத்து, உண்போர் தொகையையும் மாதத்தின் நாட்களையும் எண்ணிப் பார்த்தே வாங்குதல் நம் இல்லங்களின் வழக்கம். இணையத்தை வாங்குமிடத்தோ, பெரும்பாலோர் விற்போர் கூறும் எண்ணையே அளவாகக் கொள்கின்றனர். கோபுரம் கட்ட விழைவோன் முதற்கண் அமர்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டும் என்னும் சுவிசேஷப் போதனை இதற்கும் பொருந்துவதேயாம்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், ஆலைகள் பல்கி, வயல் சூழ்ந்த ஊர்கள் வாடகை வீடுகள் நிறைந்த ஊர்களாயின. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சொந்த ஊருக்கு அனுப்பும் தொழிலாளர்க்கு, இணையத்திற்கென வீணே கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் இழப்பே. குறைவாக வாங்கிப் பிள்ளையின் பாடம் தடைப்படுதலோ அதனினும் பேரிழப்பு.

இணையத்திற்கு அளவைகள் இரண்டு: ஒன்று வேகம், மற்றொன்று டேட்டா என வழங்கும் தரவு. ஏரி மதகின் அகலம் போன்றது வேகம். ஒரு போகம் முழுதும் பாய்ந்த நீரின் தொகை போன்றது தரவு. வேகத்தை நொடிக்கு இத்துணை மெகாபிட் என்றும், தரவை இத்துணை ஜிகாபைட் என்றும் கூறுவர். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் ஓடும் படம் 2.25 ஜிகாபைட் தரவை உண்ணும்.

இந்திய அரசு 2023 ஜனவரியில் அகலக்கற்றைக்குரிய குறைந்த வேகத்தை 512 கிலோபிட்டினின்று 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அமெரிக்கா 2024-இல் அதனை 100 மெகாபிட் என வகுத்தது. இவை நாட்டிற்கு வகுத்த வரம்புகளேயன்றி, வீட்டின் தேவையைக் கூறுவனவல்ல. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தெளிவுமிக்க படத்திற்கு 5 மெகாபிட்டும், 4கே படத்திற்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது.

நால்வர் வாழும் ஒரு வீட்டைக் கருதுவோம். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சிக்கு 5, மகளின் காணொளி வகுப்பிற்கு 4, இரு கைபேசிகளுக்குத் தலா 3, ஆக 15 மெகாபிட். அதில் பாதியை உபரியாகக் கூட்டினும் 22.5 தான், 30 மெகாபிட் திட்டமே தாராளம். இனி, நாளொன்றுக்குத் தொலைக்காட்சி மூன்று மணியும், வகுப்பு இரண்டு மணியும், கைபேசிகள் இவ்விரண்டு மணியும் ஓடுமாயின், நாளுக்கு 15.75 ஜிகாபைட், மாதத்திற்கு ஏறத்தாழ 473. நாளுக்கு 2 ஜிகாபைட் தரும் கைபேசித் திட்டங்கள் நான்கு இருப்பினும் 240 தான் கிட்டும். ஆகவே இவ்வீட்டிற்கு வேண்டுவது பெருவேகமன்று, பெருந்தரவே.

ஆலைத் தொழிலாளர் அறுவர் ஓர் அறையில் தங்கினால் கணக்கு வேறுபடும். மூன்று ஷிப்டுகளிலும் இவ்விருவர் பணிபுரிவராயின், ஒருவேளையில் இருவர் ஆலையில் இருப்பர், இருவர் உறங்குவர், விழித்திருந்து இணையம் நாடுவோர் பெரும்பாலும் இருவரே. எனவே வேகத்தை ஒரே வேளையில் பயன்படுத்துவோரைக் கொண்டும், தரவைக் குடியிருப்போர் அனைவரையும் கொண்டும் கணித்தல் வேண்டும். ஆள் எண்ணிக்கையால் வேகத்தைப் பெருக்குவதே பலர் வீண்செலவுக்குக் காரணம்.

ஆயினும் தொகை பெருகுமிடத்துச் சிறு தேவையும் பெரிதாகும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற சிப்காட் குடியிருப்பு 18,720 பெண் தொழிலாளர்க்குரியது. அவருள் பத்தில் ஒருவர் ஒரே வேளையில் தலைக்கு 1.5 மெகாபிட் வீதம் பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசினும், 2,808 மெகாபிட் வேண்டும். இத்தகைய பேச்சிற்குப் பதிவிறக்க வேகம் மட்டும் போதாது. நம் முகம் அவர்க்குத் தெரியப் பதிவேற்ற வேகமும் வேண்டும். திட்டம் வாங்குவோர் இவ்விரண்டையும் கேட்டறிதல் நன்று.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உள. அன்லிமிடெட் என்னும் திட்டங்களிலும் ஒரு வரம்பு சிற்றெழுத்தில் இருத்தல் கூடும். அதனைக் கடந்தால் வேகம் குறையும். மற்றொன்று, ரௌட்டர் முன்னறையில் இருக்க, சுவர்கள் கடந்த உள்ளறையில் படம் தடைப்படின், குறை திட்டத்தினதன்று. ரௌட்டர் அருகே நின்று வேகத்தைச் சோதித்து, அங்கு நிறைவாயின் கருவியை வீட்டின் நடுவே மாற்றி வைத்தலே தக்கது, அதற்குக் காசில்லை.

ஒரு தாளும், பெருக்கல் வாய்பாடும், ஒரு வாரம் வீட்டாரின் வழக்கத்தை நோக்கும் பொறுமையுமே இக்கணக்கிற்கு வேண்டுவன. கல்லூரியிற் பயில்வோர் விடுமுறையில் தத்தம் இல்லத்திற்கும் அண்டை வீட்டார்க்கும் இதனைச் செய்து கொடுப்பின், கற்ற கல்வி பிறர்க்குப் பயன்பட்டதாகும்.