அழிக்கப்பட்ட ஏடும் அழியாத பாட்டும்

எதிர்காலத்தைக் கூறும் நாவல்கள் யாவும் இன்ப உலகையே காட்டுவனவல்ல. அச்சமே அரசாளும் நாடொன்றைப் படைத்து, 'இவ்வழி செல்லற்க' என எச்சரிப்பனவும் உள. அவற்றுட் பெரும்புகழ் பெற்றது, ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949ஆம் ஆண்டில் வெளிவந்த '1984' என்பதாகும்.

ஆர்வெல் 1903இல் இந்தியாவின் மோதிஹாரியிற் பிறந்தவர். 1922இல் பர்மாப் பொலிஸ் பணியை ஏற்கக் கப்பலிற் சென்றபோது, கொழும்புத் துறைமுகத்திலே பெட்டி சுமந்த கூலியாள் ஒருவனை வெள்ளைப் பொலிஸ்காரர் காலால் உதைத்ததையும், பயணிகள் அதனை ஆமோதித்ததையும் கண்டார். 1940இல் அதனை எழுத்திலும் பதித்தார். மனிதனை மனிதனாகக் கருதாத அந்நிலை, கொட்டகலை மலைச்சாரலில் கொழுந்து கொய்தோருக்கும் புதியதன்று.

நாவலில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களுள் முதலாவது, மக்களை இடையறாது கண்காணிக்கும் தொலைத்திரை. தோட்டத்துப் பெரட்டுக்களத்திலே துரையின் பார்வைக்கும் கங்காணியின் பார்வைக்கும் அஞ்சி நின்றவர்கள், மாலையில் லயத்து வாசலிலே மனம்விட்டுப் பேச முடிந்தது. தொலைத்திரையோ உறங்குபவனையும் விடுவதில்லை. தனிமையைப் பறித்தால் எண்ணத்தையும் பறிக்கலாம் என்பதே அதன் கருத்து.

இரண்டாவது, மொழி. அந்நாட்டு அரசு சொற்களை ஆண்டுதோறும் குறைத்துப் புதுமொழி ஒன்றை ஆக்குகிறது. சொல் இல்லையேல் விடுதலை என்னும் நினைவும் இல்லையன்றோ! தோட்டங்களிலோ 'பேர்' என்ற சொல் ஒரு நாள் வேலையைக் குறிக்கலாயிற்று. கொழுந்து குறைந்தவருக்கு 'அரைப்பேர்'. ஆளுக்குரிய பெயரே கூலிக்கணக்காக மாறியது, மொழியின்மேல் அதிகாரம் படிவதற்குச் சான்றாகும்.

மூன்றாவது, ஏடு. கதைத்தலைவன் வின்ஸ்டன் ஸ்மித் பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுகிறான். மூலப்பிரதிகள் 'நினைவுக் குழி'யில் இடப்பட்டு எரிகின்றன. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ, தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டியது. மலையக மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சியோரின் குறை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. நாவலில் இருந்த ஏடு எரிக்கப்பட்டது. மலைநாட்டில் இல்லாத ஏடு கேட்கப்பட்டது. இரண்டிலும் மனிதனின் இருப்பைத் தாளே தீர்மானித்தது.

நான்காவது, பாட்டு. வின்ஸ்டனின் சாளரத்தின் கீழே துணி உலர்த்தும் ஏழைப்பெண் ஒருத்தி பாடுகிறாள். அப்பாட்டு இயந்திரத்தால் இயற்றப்பட்டது. எனினும், அவள் குரல் அதற்கு உயிரூட்டுகிறது. நம்பிக்கை உண்டெனின் அது எளிய மக்களிடமே உண்டென வின்ஸ்டன் எண்ணுகிறான். மலையகப் பாடல்களோ தொழிலாளர் தாமே கட்டியவை. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். கணக்கேடு குறிக்காத கண்ணீரையும் கேலியையும் அவை காத்துவைத்தன.

இறுதியில் வின்ஸ்டன் சித்திரவதையால் உடைந்துபோகிறான். ஆயினும், நூலின் பின்னிணைப்பு புதுமொழியை இறந்தகாலத்திற் பேசுகிறது. அக்கொடுங்கோன்மை பின்னர் வீழ்ந்தது என்பதற்கு அதுவே குறிப்பெனக் கொள்ளும் ஆய்வாளர் உளர். நேற்றை ஆள்பவன் நாளையையும் ஆள முயல்வான் என்பதே நாவலின் மையப்பொருள். பாட்டன் பிறந்த ஊரையும் பாட்டி பாடிய பாட்டையும் கேட்டு எழுதிவைக்கும் இளைஞன், அம்முயற்சிக்கு ஓர் அணை கட்டியவனாகிறான்.