"சளிதானே" என்று விட்டுவிடலாமா? சைனஸ் தொல்லையை டாக்டரிடம் சொல்வது எப்படி?

"தலையில நீர் கோத்திருக்கு", "குனிஞ்சா நெத்தி வலிக்குது." சைனஸ் தொல்லையை நாம் இப்படித்தான் சொல்வோம். தப்பில்லை. ஆனால் ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் "சளி, தலைவலி" என்று மட்டும் சொன்னால், அதற்கான மாத்திரையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

சைனஸ் என்றால் என்ன?

நெற்றி, கன்னம், மூக்கை ஒட்டிய எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகளே சைனஸ். அவற்றின் வாசல் வீங்கி அடைபட்டால் சளி தேங்கி வலிக்கும். சாதாரணச் சளியால் வருவது பெரும்பாலும் 10 நாட்களுக்குள் குறையும். 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ். அதற்குச் சிகிச்சையே வேறு.

தடுப்பது எது?

ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை. "தலைவலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்ற பேச்சு, இதைப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மூக்கில் துர்நாற்றம் என்று சொல்லக் கூச்சம். கடைசியில் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிக்கொள்கிறோம். அடைப்பை நீக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அதுவே அடைப்பைக் கூட்டிவிடும்.

டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்

1. எத்தனை நாளாக இருக்கிறது? குறைந்து மறுபடி கூடியதா?
2. வலி எங்கே: நெற்றியா, கன்னமா, மேல்வரிசைப் பல்லா? ஒரு பக்கமா, இரு பக்கமா?
3. மூக்கில் வருவது தண்ணீர் போலவா, மஞ்சளா, பச்சையா? நாற்றம் உண்டா? வாசனை தெரிகிறதா?
4. இதுவரை போட்ட மருந்து என்ன? சர்க்கரை நோய், ஆஸ்துமா உண்டா?

டாக்டர் சொன்னது விளங்கவில்லையா? "புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். உங்களோடு வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், இரு மொழியும் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். துணைக்குப் போகிறவர் நோயாளி சொன்னதை அப்படியே சொன்னால் போதும். சொந்த யூகம் வேண்டாம்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். தேவைப்பட்டால் அங்கிருந்து அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு இருந்தால் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.