முட்டிச்சில்லு ஏன் வெளிப்பக்கமா நழுவுது?

அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. சமதரையில் நல்லாவே நடக்கிறார். நாற்காலியிலிருந்து எழும்போதும் படி இறங்கும்போதும்தான் முட்டிக்கு முன்னால் வலி, கூடவே ‘டக்’ என்று ஒரு சத்தம். கை வைத்துப் பார்த்தேன். காலை மடக்கும்போது சில்லு வெளிப்பக்கம் நழுவுவது விரலுக்கே தெரிந்தது. “தொடைத் தசைக்கு பலமில்ல, எக்சர்சைஸ் பண்ணுங்க, சரியாயிடும்” என்றார்கள். அது பாதி உண்மை. மீதியைத் தேடிப் படித்த குறிப்புதான் இது.

சில்லு எந்த எலும்போடும் ஒட்டி நிற்பதில்லை. மேலே தொடைத் தசை இழுக்கிறது. கீழே ஒரு தசைநார், கால் எலும்பின் முன்பக்க மேட்டில் அதைக் கட்டிவைக்கிறது. நடுவில், தொடை எலும்பு முனையில் உள்ள பள்ளத்தில் சில்லு ஏறி இறங்குது. மூட்டு மாற்றும்போது அந்தப் பள்ளமே உலோகமாகிவிடும், கால் எலும்பின் தலையிலும் ஒரு தட்டு வரும்.

வில்லங்கம் இங்கேதான். தொடைப் பக்கத்து உலோகம் உள்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தால் பள்ளமும் உள்ளே போய்விடும், சில்லு வெளியே நிற்கும். கீழ்த் தட்டு உள்பக்கம் திரும்பினால்? இது எனக்குப் புரியவே ரெண்டு நாள் ஆச்சு. தட்டு மேல் உலோகத்தோடு ஒத்துப்போகப் பார்க்கும், அதனால் கால் எலும்பு வெளிப்பக்கம் திரும்பும். முன்மேடும் கூடவே போகும், சில்லையும் இழுத்துக்கொண்டு.

1998-ல் பெர்கரும் சகாக்களும் இதை சிடி ஸ்கேனில் அளந்தார்கள். இரண்டு பாகங்களின் உள்திருப்பத்தையும் கூட்டினால், 1 முதல் 4 டிகிரி வரை இருந்தவர்களுக்குச் சில்லு சாய்ந்து ஓடியது. 3 முதல் 8 என்றால் பாதி விலகல். 7 முதல் 17 போனவர்களுக்குச் சில்லு முழுசா இடம் பெயர்ந்தது, அல்லது சில்லில் பொருத்திய செயற்கைப் பாகம் பின்னாளில் கெட்டது. சில டிகிரிதான், கண்ணுக்குத் தெரியாது. சாதாரண எக்ஸ்ரேயிலும் சரியாத் தெரியாது. முட்டியை மடக்கி வைத்து எடுக்கும் எக்ஸ்ரே சில்லின் சாய்வைக் காட்டும், காரணத்தைக் காட்டாது.

உலோகம் சரியாக உட்கார்ந்திருந்தால், லேசான நழுவலுக்குப் பிசியோதெரபி நியாயமான முதல் படி. அதுக்கும் அடங்கலைன்னா, வெளிப்பக்க இறுக்கத்தை வெட்டித் தளர்த்தி, உள்பக்கத்தை இழுத்துத் தைப்பார்கள். தளர்த்தும்போது சில்லுக்குப் போகும் ரத்தக் குழாய் அறுபடலாம் என்பதால் அதுவும் சின்ன வேலை இல்லை. முன்மேட்டையே வெட்டி நகர்த்தி ஸ்குரூ போடுவதும் உண்டு. அதில் எலும்பு முறியும் ஆபத்து இருக்கு.

ஆனால் உலோகமே கணிசமாகத் திரும்பியிருந்தால், தசையைப் பலப்படுத்தினாலும் தையல் போட்டாலும் பள்ளம் இடம் மாறாது. கழற்றி மறுபடி பொருத்துவதுதான் வழி. அதனால்தான் எந்தக் கத்திக்கும் முன்னால் சிடி கேட்கணும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எடுத்தாச்சு. கூட்டுத்தொகை 7 டிகிரி. அந்த அட்டவணையில் இரண்டு வரிசைக்கும் பொதுவான இடம். ரெண்டாவது ஒரு மருத்துவரிடம் காட்ட நேரம் வாங்கியிருக்கிறோம். “மறுபடியும் கத்தியா?” என்கிறார் அம்மா. மாடியறைக் கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறோம்.