திருநாட் பெயர்களும் உழைப்பின் சுவடுகளும்: எபிரேய மரபும் கல்முனை வழக்கும்

சமயத் திருநாட்களின் பெயர்களை மாறாத புனிதச் சொற்களாகக் கொள்வோர் பலர். ஆயின், அவை பொருளுற்பத்தி வாழ்வில் வேர்கொண்டு, வரலாற்றுப் போக்கிற் புதுப்பொருள் ஏற்பவை என்பதை எபிரேயச் சான்றுகள் உணர்த்துகின்றன.

யூதரின் யாத்திரைத் திருநாட்கள் மூன்றும் வேளாண்மையோடு பிணைந்தவை. 'பெசாஹ்' வாற்கோதுமை அறுவடைக் காலத்தது. கடந்துசெல்லல் என மரபுப்பொருள் பெற்று, எகிப்திய அடிமைத்தளையினின்று விடுபட்டமையை நினைவூட்டுவது. அதிலிருந்து ஏழு வாரங்களை எண்ணி வருவது 'ஷவூஓத்'. வாரங்கள் என்பதே அதன் பொருள். யாத்திராகமம் இதனை அறுவடைத் திருநாள் என்றும் கூறும்; பிற்காலத்தில் இது சீனாய் மலையில் வேதம் அருளப்பட்ட நாளாயிற்று. 'சுக்கோத்' என்பது குடில்கள். விளைச்சலைச் சேர்த்து முடிக்கும் காலத்து இத்திருநாள், வனாந்தர வாழ்வின் நினைவாக விளக்கம் பெற்றது.

இப்பிணைப்பைக் காப்பது நாட்காட்டியே. சந்திர மாதங்கள் பருவத்தினின்று விலகாதிருக்க, யூத நாட்காட்டி 19 ஆண்டுகளில் 7 மேலதிக மாதங்களைச் சேர்க்கின்றது. இஸ்லாமிய நாட்காட்டி அவ்வாறு சேர்ப்பதில்லை. அதன் திருநாட்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருகின்றன. எனவே கல்முனைக் கரையோர உழவனுக்கு நோன்புப் பெருநாள் சில ஆண்டுகளிற் பெரும்போக அறுவடையோடும், வேறு சில ஆண்டுகளில் விதைப்போடும் வரும். அப்பெயரில் அறுவடையின் சுவடு இல்லாமை வியப்பன்று.

எபிரேய 'ஹக்' அரபு 'ஹஜ்'ஜோடும், 'த்சோம்' 'ஸவ்ம்' என்பதோடும் இனமுடையன. ஆயினும் கல்முனை மக்கள் 'ஸவ்ம்' என்னாது 'நோன்பு' என்றே வழங்குகின்றனர். பொறுத்தல் என்னும் பொருளுடைய 'நோல்' என்பதன் வழிவந்த பழந்தமிழ்ச் சொல் அது. 'ஹஜ்ஜுப் பெருநாள்' என்னும் தொடரிலோ அரபும் தமிழும் ஒருங்கிணைகின்றன.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நிகழும் விழாவுக்குக் 'கொடியேற்றம்' என்று பெயர். அது கோயில் வழக்கிலும் உள்ள சொல். அங்கு வழங்கப்படும் 'கந்தூரி' உணவு விரிப்பைக் குறித்த பாரசீகச் சொல்லின் வழியது. தூய்மைவாதிகள் இத்தகைய வழக்குகளை அந்நியக் கலப்பென ஒதுக்குவர். இனவாத நோக்கினரோ இதே சொற்களைக் கொண்டு முஸ்லிம்களின் தனித்துவத்தை மறுப்பர். இருசாராரும் சொல்லின் பிறப்பையே அதன் வாழ்வாகக் கருதுகின்றனர்.

அறுவடைத் திருநாள் வேதத் திருநாளானமை யூதரை யூதரல்லாதோர் ஆக்கவில்லை. அவ்வாறே, தமிழ்ச் சொல்லால் நோன்பு நோற்பது முஸ்லிமின் சமயத்தையும் குறைப்பதில்லை. அவர்தம் தனித்த சமூக இருப்பையும் அழிப்பதில்லை. அயலில் வாழ்ந்து உழைத்த மக்கள் சொற்களைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றையே அது காட்டுகின்றது. அவ்வரலாற்றைச் சிதையாது பேணுதல் ஆய்வாளர் கடனாகும் என்பது எமது துணிபு.