அண்டாக் குடாவில் ஒரு பி.காம்!

பாக்கெட்டைக் கவிழ்க்கச் சொன்னார் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி. கவிழ்த்தேன். விழுந்தவை: ஒரு பழைய பஸ் டிக்கெட், நாலே நாலு சோம்பு. தி.நகர் ஓட்டலில் பில்லோடு வந்த சோம்பு சார்! அதை வெடிகுண்டு மாதிரி இடுக்கியால் எடுத்துக் கவரில் போட்டார். அப்புறம் என் ஜெர்கின், ஷூ இடுக்கு எல்லாவற்றுக்கும் வாக்வம் கிளீனர்.

இடம்: தெற்கு ஜார்ஜியா தீவு. அட்லாண்டிக்கின் தென்கோடி. விமானமெல்லாம் இறங்காது. ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் கப்பல்தான். அந்தக் கப்பலில் வேலை பார்க்கும் காலேஜ் நண்பன், கடைசி நேரத்தில் காலியான இடத்தைப் பாதி விலைக்குப் பிடித்துக் கொடுத்தான். மீதிப் பாதிக்கு ஒரு சீட்டை ஏலம் எடுத்தேன். (எவ்வளவு தள்ளி என்று கேட்காதீர்கள். வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.)

"நாலு சோம்புக்கா இந்தக் கலாட்டா?" என்று முனகினேன். காரணம் இருக்கிறது. அந்தக் காலக் கப்பல்களோடு வந்து இறங்கிய எலிகள், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, குஞ்சு என்று தின்று தீர்த்துவிட்டன. 2011-ல் ஆரம்பித்து ஹெலிகாப்டரில் விஷம் தூவி, 2018-ல்தான் 'எலி இல்லை' என்று அறிவிக்க முடிந்தது. உலகத்தில் இங்கே மட்டுமே இருக்கும் பிபிட் என்ற குருவி மறுபடி பாட வந்தது அதனால்தான். சோம்பு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிரிட்விகன் குடாவில் இறக்கிவிட்டார்கள். ஸ்வீடிஷ் மொழியில் 'அண்டாக் குடா' என்று அர்த்தம். சீல் வேட்டைக்காரர்கள் கொழுப்பு உருக்கிய அண்டாக்கள் இங்கே கிடந்தனவாம். மூன்று பக்கம் பனிமலை. குளிர், பல்லைத் தந்தியடிக்க வைத்தது. கரையில் பாறை என்று நினைத்துக் கிட்டே போனேன். பாறை ஏப்பம் விட்டது! யானைச் சீல். ஆண் என்றால் மூன்றரை டன் வரைகூடப் போகும். சைலன்ஸர் கழன்ற புல்லட் மாதிரி சத்தம். நாற்றம்... வேண்டாம், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவராக இருக்கலாம். அதற்கு 5 மீட்டர் தள்ளித்தான் நிற்கணும். உட்காரக் கூடாது, பையைக் கீழே வைக்கக் கூடாது. 2023-ல் இங்கேயும் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது. பறவைகளோடு சீல்களும் கொத்துக் கொத்தாகச் செத்தன.

சீல்களுக்குப் பின்னால் துருப்பிடித்த தொழிற்சாலை. நார்வேக்காரர் லார்சன் 1904-ல் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு உடலைத் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம். இங்கே இழுத்து வந்த ஒரு நீலத் திமிங்கிலம் 110 அடி. மூன்று டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்! 1965 வரை இந்தத் தீவின் கரைகளில் வெட்டப்பட்ட திமிங்கிலங்கள், எல்லா வகையும் சேர்த்து, 1,75,250. எதற்கு? பெரும்பாலும் சோப்புக்கும் மார்ஜரினுக்கும்.

நான் பி.காம். பாய்லருக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். கடலுக்கு எழுதச் சொல்லவில்லை. இந்தக் கம்பெனிக்காரர்களுக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஏன் மூடினார்கள் தெரியுமா? பாவம் பார்த்து அல்ல. பிடிக்கத் திமிங்கிலம் இல்லை, கட்டுப்படியாகவில்லை!

சற்றுத் தள்ளி ஷேக்கிள்டன் கல்லறை. 1916-ல் தன் ஆட்களைக் காப்பாற்ற 22 அடிப் படகில் இந்தத் தீவுக்கு வந்தாரே, அவர்தான். 1922-ல் மறுபடி வந்தபோது இங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். கல்லறைக்குக் கொஞ்சம் விஸ்கி ஊற்றி, மீதியை நாம் குடிப்பது வழக்கம். நான் முழுவதையும் அவருக்கே ஊற்றிவிட்டேன். (வீட்டில் படிப்பார்கள் என்று சொன்னேன் இல்லையா?)

திரும்பும்போது டெக்கில் ஒரே கூச்சல். தூரத்தில் ஆவி மாதிரி ஏதோ பீய்ச்சியடித்தது. கூன்முதுகுத் திமிங்கிலமாம். 2020-ல் ஆய்வு செய்தவர்கள் இந்தக் கடலில் 55 நீலத் திமிங்கிலங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்றார் வழிகாட்டி. வெறும் 55. அதைச் சொல்லும்போது அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

ஒன்று... இரண்டு... இன்னொன்று. உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. டெக்கில் ஒருத்தரும் அசையவில்லை. ஆச்சரியம், நானும்தான்.