புளியாரையின் புளிப்பு

கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு படரும் புளியாரையைப் பறித்து மென்று பாராத சிறுவர் உண்டோ? இரவில் மடிந்து உறங்கும் மூன்று சிற்றிலைகள், மஞ்சள் நிறச் சிறுபூ. இதன் இனத்தைச் சார்ந்த வெண்பூச் செடியொன்று பாஸ்காக் காலத்தில் பூப்பதால், ஐரோப்பியர் அதற்கு 'அல்லேலூயா' என்றே பெயரிட்டனர்!

சீதபேதிக்கும் பசியின்மைக்கும் நம் முன்னோர் கண்ட மருந்து இது. வைட்டமின் 'சி'யும் இதில் உண்டு. ஆயின் புளிப்பைத் தருவது ஆக்சாலிக் அமிலம். 'ஆக்சாலிஸ்' என்னும் இதன் தாவரப் பெயரே அமிலத்துக்கும் பெயராயிற்று. துணியில் படிந்த மைக்கறையையும் துருக்கறையையும் போக்க இதன் உப்பு பயன்பட்டது.

அவ்வமிலம் உடலில் சுண்ணாம்புச் சத்துடன் கூடினால் எளிதில் கரையாத உப்பாகிறது. சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை இவ்வுப்பினால் ஆனவையே. கல் கரையுமென எவரோ கூறக் கேட்டு, இச்சாற்றையே நாள்தோறும் பருகி வந்த அன்பர் ஒருவரை அறிவேன். அவர் பட்ட வேதனை சொல்லுந்தரமன்று.

இலையை மோரில் அரைத்துண்ணும் பாட்டிமார் வழக்கமோ பொருள் பொதிந்தது. மோரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தைக் குடலிலேயே பற்றிக்கொள்ள, இரத்தத்தில் சேர்வது குறைகிறது. வேகவைத்து நீரை வடிப்பதும் நன்று. சிறுநீரக நோயாளர் மட்டும், மோரோடாயினும், மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடவேண்டாம்.